திருப்பித் தர வேண்டாத டப்பா

கேரல் அக்கா கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் போட்டுக் கொடுத்த டப்பாவைக் கழுவித் துடைத்து, திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் யூனிஸுக்கு முதல் சந்தேகம் வந்தது.

“இதை எதுக்கு எடுத்துட்டு வந்தே? நீயே வச்சுக்கோ,” என்றார் கேரல்.

பிரேசர் டவுனில் அந்தத் தெருவுக்கே கேரல் அக்காவின் எவர்சில்வர் டப்பாக்களைத் தெரியும். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் வெட்டியிருக்கும். கொடுத்துச் சில நாள் கழித்து வாசலில் வந்து நின்று, வேறு ஏதேதோ பேசிவிட்டு, “அந்த டப்பா...” என்று இழுப்பார். வருஷக்கணக்காகப் பக்கத்து வீட்டில் இருக்கும் யூனிஸிடமும் அதே கண்டிப்புதான்.

“பிளாஸ்டிக் கவர் வேணாம்னு ஃபாதர் சொல்லிட்டார் இல்ல? அதான், டப்பாவும் சேர்த்து கிஃப்ட்டு,” என்று சிரித்தார்.

ஃபாதர் சொன்னது உண்மைதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும், இந்த வருஷம் கோயில் பங்கு முழுவதும் பசுமைக் கிறிஸ்துமஸ் என்று அறிவித்திருந்தார். தெர்மாகோல் குடில் கூடாது, ஜிகினாத் தாள் கூடாது, புதிதாக வாங்கிக் குவிக்காமல் வீட்டில் இருப்பதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நன்றாகச் செய்யும் வீட்டுக்குப் பரிசும் உண்டு. அதைக் கேட்டு எல்லாரும் முணுமுணுத்தபோது, பக்கத்தில் இருந்த கேரல் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்ததை யூனிஸ் பார்த்தாள். போன வருஷம் வீட்டைச் சுற்றி சீரியல் லைட் கட்டி, தெருவுக்கே கரண்ட் போக வைத்த மனுஷி இவர்.

அதன்பிறகு கேரலின் வீட்டிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்புக்குப் போனது. ஜன்னல் திரைகளைக் கிழித்து, பரிசு கட்டும் துணியாகத் தைத்து, கோயில் பெண்களுக்குக் கொடுத்தார். பீங்கான் தட்டுகள் பங்கு விருந்துக்குப் போயின. தொட்டிச் செடிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். கோயில் வாசலில் எல்லாருக்கும் கேரல் பேச்சாகத்தான் இருந்தது.

யூனிஸ் பள்ளிக்கூடத்து டீச்சர். பரீட்சை ஹாலில் நின்று பழகிய கண். எல்லாரும் குனிந்து எழுதும்போது ஒருத்தி மட்டும் அளவுக்கு மீறி அமைதியாக எழுதினால், அவளைத்தான் முதலில் கவனிப்பாள்.

“ஏங்க, அக்கா என்னமோ மறைக்கிறாங்க,” என்றாள் கணவனிடம்.

டொமினிக் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒருத்தர் நல்லது செஞ்சா உனக்குப் பொறுக்காதே.”

“திரைத்துணியைக் கிழிச்சிட்டாங்க. ஜன்னலுக்கு என்ன போடுவாங்க?”

“அது அவங்க ஜன்னல், யூனிஸ்.”

பரிசுக்காகத்தான் இத்தனை பாடு என்று முதலில் நினைத்தாள். பங்குப் பேரவையில் இடம் பிடிக்கப் பார்க்கிறாரோ என்றும் யோசித்தாள். இரண்டுமே கேரலுக்குப் பொருந்தவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞன் கேரலின் காம்பவுண்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். யூனிஸ் மதில்மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“மழைத்தண்ணி சேமிக்கத் தொட்டி கட்டலாம்னு இருக்கேன்,” என்றார் கேரல். சொன்ன வேகம் யூனிஸுக்குப் பிடிக்கவில்லை. தொட்டி கட்டுவதற்கு வீட்டின் முன்பக்கம், பின்பக்கம், மதிலோரம் எல்லாவற்றையும் ஏன் அளக்க வேண்டும்?

அடுத்த வாரம் அதே இளைஞன் இரண்டு கூலியாட்களோடு வந்தான். மூன்று கம்பிகளை முக்காலி போல நிறுத்தி, நடுவில் ஒரு குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்கினார்கள். வெளியே வந்த மண்ணை அவன் சின்னச் சின்னப் பைகளில் போட்டு எதையோ எழுதினான். கேரல் அப்போது வீட்டில் இல்லை. யூனிஸ் கேட்டைத் திறந்துகொண்டு நேரே உள்ளே போய்விட்டாள்.

தொட்டி வேலை எப்போது முடியும் என்று கன்னடத்தில் கேட்டாள். அவன் பெயர் ஷ்ரேயாஸ், இன்ஜினியர். அவளை வீட்டு ஆள் என்று நினைத்துவிட்டான்போல.

“தொட்டி இல்ல மேடம், இது மண் டெஸ்ட்டு,” என்று அவன் கன்னடம் கலந்த தமிழில் பதில் சொன்னான். “கீழே பார்க்கிங் வருது இல்ல? அதுக்கு. மேல நாலு ஃப்ளோர்.”

“அந்தப் பலாமரம்?”

பின்பக்க மூலையில் நின்ற மரத்தை அவன் திரும்பிப் பார்த்தான். பாதி நிழல் அந்த வீட்டிலும் மீதி நிழல் யூனிஸின் சமையலறையிலும் விழும் மரம் அது.

“கார் இறங்குற சரிவு அங்கதான் மேடம் வருது. ஏனு மாடோது?” என்ன செய்வது என்பதுபோலக் கையை விரித்தான்.

அன்று சாயங்காலம் யூனிஸ் போனபோது, கேரல் வெறும் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தார். அலமாரிகள் திறந்து கிடந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

“வீட்டை வித்துட்டீங்க,” என்றாள் யூனிஸ், நின்றபடியே.

கேரல் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“முட்டி சொன்ன பேச்சு கேக்கல யூனி. எம் பொண்ணு டீனா அவளோட வந்து இருக்கச் சொல்றா. அடுகோடில அவளுக்கு ரெண்டு ரூம்பு. எனக்குன்னு ஒரு கட்டில், ஒரு பீரோ. இத்தனை சாமானையும் எங்க கொண்டுபோறது?”

“அதுக்கு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா.”

“சொன்னா நீ அழுவே. அழுது என்னைப் போக விடமாட்டே. தெருவே வந்து உக்காந்து புத்தி சொல்லும். ஃபாதர் அன்னைக்கு அறிவிச்சதும் எனக்கு வழி கிடைச்ச மாதிரி இருந்துச்சு. காலி பண்றேன்னு குடுத்தா எல்லாரும் துக்கம் விசாரிப்பீங்க. பசுமைன்னு குடுத்தா கைதட்டுறீங்க.”

யூனிஸுக்குக் கோபம் வந்தது. தன் சந்தேகம் சரியாகிப்போனதில் ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. அது இருந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

“மரத்தை வெட்டக் குடுத்துட்டு, துணிப்பை தைக்கிறீங்களா?”

கேரல் ஊசியை மறுபடி கையில் எடுத்தார். யூனிஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு காலைப் பூசையில் பரிசு அறிவித்தார்கள். எதிர்பார்த்ததுபோலவே ஃபாதர் கேரலின் பெயரைச் சொன்னார். கோயில் கைதட்டியது. யூனிஸின் கைகள் மடியிலேயே கிடந்தன. வாங்கிக்கொள்வாரா? முகத்தில் ஒன்றும் காட்டாமல் போய் நின்று வாங்கிக்கொள்வாரா? கேரல் முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்து போவதை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

கேரல் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“மன்னிச்சிருங்க ஃபாதர், இது எனக்கு வேணாம். நான் வீட்டைக் காலி பண்றேன், அதான் எல்லாத்தையும் குடுத்தேன். எங்க வீட்டுப் பலாமரத்தை வெட்டப் போறாங்க. கையெழுத்து போட்டது நான்தான். இதை யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்.”

கைதட்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபாதர் இரண்டாவதாக வந்த குடும்பத்தைக் கூப்பிட்டார். பின்வரிசையில் யாரோ, “அப்பவே நினைச்சேன்,” என்றார்கள். யாரும் நினைத்திருக்கவில்லை என்பது யூனிஸுக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்டதும்தான் அவள் எழுந்து, முன்னால் போய், கேரலின் கையைப் பிடித்துப் பெஞ்சுக்குக் கூட்டி வந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் கேரல் யூனிஸின் வீட்டில்தான் சாப்பிட்டார். டொமினிக் செய்த மட்டன் பிரியாணியை இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு, “அந்த இன்ஜினியர் பையன்கிட்ட பேசினேன். சரிவை வேற பக்கம் தள்ளி, மரத்தை விட்டுடறோம்னு சொன்னான்,” என்றார்.

“எழுதிக் குடுத்தானா?”

“வாயால சொன்னான்.”

“அப்ப நம்பாதீங்க.”

“சாப்பிட விடு யூனிஸ்,” என்றான் டொமினிக்.

யூனிஸ் விடவில்லை. மறுநாளே போய் ஷ்ரேயாஸைப் பிடித்தாள். அவன் வரைபடத்தைக் கார் மேல் விரித்துக் காட்டினான். மரம் இருக்கும் இடத்தில் சரிவுதான் இருந்தது. புதுப் படம் வருகிறது, அதில் மாற்றிவிடுவார்கள் என்று சத்தியம் செய்தான். வரட்டும், தான் எங்கேயும் போகப் போவதில்லை என்றாள் யூனிஸ். வாரா வாரம் போய்க் கேட்டாள். பங்கு இளைஞர்களிடம் சொன்னாள். அவர்களும் வந்து கேட்டார்கள். மாநகராட்சியின் மர அதிகாரிக்கு மனுவும் போனது.

ஜனவரி கடைசியில் கேரல் ஒரு பீரோவோடு அடுகோடிக்குப் போனார். அப்புறம் வீட்டை இடித்தார்கள். புதுப் படம் வந்தபோது சரிவு உண்மையிலேயே தெருப்பக்கம் நகர்ந்திருந்தது. ஆனாலும் லாரி திரும்ப இடமில்லையென்று பலாமரத்தின் ஒரு பக்கக் கிளைகளை மொத்தமாகக் கழித்துவிட்டார்கள். மிச்சம் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

கேரல் தினமும் காலையில் போன் செய்கிறார். டீனாவின் சமையலைப் பற்றி, அடுகோடி டிராஃபிக்கைப் பற்றி எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

“இருக்கா யூனி?”

யூனிஸ் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள்.

“இன்னைக்கு இருக்கு,” என்பாள்.