ஏ.டி.வி.க்கு ஊற்றிய கார் ஆயில்

மெக்கானிக் ஆயில் டப்பாவின் பின்பக்க லேபிளைப் படித்துவிட்டு வந்த வழியே கிடங்குக்குத் திரும்பினாள். கவுண்டருக்குப் பின்னால் நின்ற கிடங்குப் பொறுப்பாளர் அவளுடைய கணவனின் அக்கா. மலைச்சரிவில் இருந்த அந்தப் பழத்தோட்டத்தில் இருவரும் ஆறு வருடமாக வேலை பார்த்தார்கள். வேலை விஷயத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இது காருக்கு ஊத்துற ஆயில் அண்ணி. ஏ.டி.வி.க்கு ஆகாது."

"இருக்கிறதுலயே ஒசத்தியான சரக்குன்னு கடைக்காரர் கொடுத்தது. உன் வண்டிக்கு மட்டும் தனியா கிணறு தோண்டி எடுக்கணுமா?"

ஏ.டி.வி. என்பது கைப்பிடியும் நான்கு தடித்த சக்கரங்களும் உள்ள, மேடு பள்ளம் பார்க்காமல் ஏறுகிற வண்டி. மரங்களுக்கு மருந்தடிக்கும் தொட்டியை அதன் பின்னால் கட்டிக்கொண்டு மெக்கானிக்கின் கணவன்தான் அதை ஓட்டினான். காரில் கிளட்ச் பெரும்பாலும் தனியாக இருக்கும். இந்த வண்டியிலோ கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். கடைக்காரர் கொடுத்த கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் கலந்திருந்தது. அதை ஊற்றினால் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும். சமதரையில் வித்தியாசம் தெரியாது. முழுத் தொட்டியோடு மேட்டில் ஏறும்போதுதான் தெரியும். ஈரக் கிளட்சுக்கு உகந்தது என்று டப்பாவில் எம்.ஏ. முத்திரை இருக்க வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டிலேயே அது இருந்தது.

இதையெல்லாம் நாத்தனாரிடம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். மெக்கானிக் சொல்லவில்லை. திருப்பி அனுப்பும் சீட்டில், "அடுத்த முறை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கடைக்கு அனுப்பவும்" என்று எழுதி, டப்பாவின் மேல் ஒட்டிவைத்தாள். மருந்தடிக்கும் ஆட்கள் அதைப் படித்து நாள் முழுக்கச் சிரித்தார்கள்.

நாத்தனார் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பெற்றோர் போன பிறகு தம்பியை வளர்க்க வேறு வழியிருக்கவில்லை. அந்தத் தம்பி தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது அந்தச் சீட்டும் சேர்ந்துகொண்டது. அவள் அதைக் கிழிக்காமல் மடித்து வைத்தாள். சரியான ஆயில் வர இரண்டு வாரம் ஆகும் என்று மட்டும் சொல்லியனுப்பினாள்.

மெக்கானிக் வண்டியின் பழைய ஆயிலை வடித்துவிட்டு, கைப்பிடியில் "ஓட்டக்கூடாது" என்று அட்டை கட்டித் தொங்கவிட்டாள். மறுநாள் தோட்டத்தின் மறுகோடியில் தண்ணீர் பம்பு பழுதாகிவிட, அங்கே இரண்டு நாள் தங்க வேண்டியதாயிற்று. வண்டிச் சாவி பட்டறைச் சுவரிலேயே தொங்கியது.

மழை வருவதற்குள் மேல்வரிசை மரங்களுக்கு மருந்தடித்தாக வேண்டும் என்று மேலாளர் நெருக்கினார். கணவன் அக்காவிடம் போய் நின்றான். அவள் அதே கார் ஆயிலை அவன் முன்னால் வைத்தாள். பொண்டாட்டி கையெழுத்து இல்லாமல் ஒரு டப்பா ஆயில்கூட ஊற்ற முடியாதா என்று கேட்டாள். அவன் வாங்கிக்கொண்டு போய் ஊற்றினான். பிறகு மனைவிக்குப் போன் செய்து, சரியான ஆயில் வந்துவிட்டது, ஊற்றிவிட்டேன் என்றான்.

அந்த நிமிடம் மெக்கானிக்கின் மனதில் வந்தது சந்தோஷம்தான். அண்ணி இறங்கி வந்துவிட்டாள் என்ற சந்தோஷம். டப்பாவில் என்ன போட்டிருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோதும் பார்க்கவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் "ஆயில் மாற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆயில் ஊற்றிய நான்காம் நாள் காலை, முழுத் தொட்டியோடு செங்குத்தான மேட்டின் பாதியில் வண்டி நின்றது. இன்ஜின் அலறியது, சக்கரம் சுற்றவில்லை. வண்டி பின்னோக்கி உருள, கணவன் பிரேக்கை அழுத்தினான். பின்பாரம் இழுத்து முன்சக்கரங்கள் மேலெழுந்தன. வண்டி மல்லாக்கக் கவிழ்ந்தது. பக்கவாட்டில் குதித்ததால் உயிர் தப்பியது, ஆனால் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது.

மறுநாள் மேலாளர் அறையில் விசாரணை. நாத்தனார் சர்வீஸ் புத்தகத்தை விரித்து மெக்கானிக்கின் கையெழுத்தைக் காட்டினாள். மடித்து வைத்திருந்த சீட்டையும் பக்கத்தில் வைத்தாள். மேலாளர் அதைப் படித்துவிட்டு மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவளுக்கு முகம் சுட்டது.

அவள் இருவரையும் பட்டறைக்கு அழைத்துப்போனாள். கிளட்ச் மூடியைக் கழற்றித் தட்டுகளை வெளியே எடுத்தாள். கருகி, மினுமினுவென்று வழவழத்துப்போயிருந்தன. தீய்ந்த நாற்றம் அறையெங்கும் பரவியது.

"இது கார் ஆயில் செஞ்ச வேலை," என்றாள்.

"என்ன ஆயில்னு தெரிஞ்சேதான் என்னை மாட்டிவிடக் கையெழுத்துப் போட்டிருப்பே," என்றாள் நாத்தனார். "உன் புருஷன் உசுரு உனக்குப் பெருசில்ல, ஜெயிக்கிறதுதான் பெருசு."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போனாள். கணவன் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தான். கார் ஆயில் என்று தெரிந்தும் ஏன் ஊற்றினாய் என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"அக்கா ஊத்துன்னா, சரின்னேன். நீ ஊத்தாதேன்னே, அதுக்கும் சரின்னேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்?"

அக்கா கொடுத்ததை மேலாளரிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். ஆறு வருடமாக நாத்தனார் மேல் வராத கோபம் அப்போது அவன் மேல் வந்தது. போர்வையை இழுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

மேலாளரிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. எடுத்துக் கொடுத்தது அண்ணி, ஊற்றிவிட்டுப் பொய் சொன்னது கணவன், பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தான் என்று சொன்னாள். கூட இருந்த நாத்தனார் மறுக்கவில்லை. தம்பி பொய் சொன்னான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் இருவருக்கும் எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. ஆயில் வாங்கும் வேலை பட்டறைக்கு மாற்றப்பட்டது. கணவனுக்கு இனி வண்டி கிடையாது, எடைமேடையில் வேலை என்று முடிவாயிற்று.

புதுத் தட்டுகளும் சரியான ஆயிலும் வந்த அன்று நாத்தனார் பட்டறை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"நீ சொன்னதுல தப்பில்ல. சொன்ன விதத்தை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"மறக்க வேணாம் அண்ணி. அவர் கையில அந்த டப்பாவைக் கொடுத்ததை நானும் மறக்க மாட்டேன்."

நாத்தனார் தலையசைத்தாள், ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டதுபோல. பிறகு மருத்துவமனைக்குத் தான் மாலையில் போவதாகவும், காலையில் மெக்கானிக் போய்க்கொள்ளலாம் என்றும், இடையில் இருவரும் எதிர்ப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னாள். மெக்கானிக் ஒப்புக்கொண்டாள்.

அவள் போன பிறகு மெக்கானிக் தட்டுகளை மாட்டி, ஆயிலை ஊற்றி, தொட்டியில் பாதித் தண்ணீர் நிரப்பி, வண்டியைத் தானே அந்த மேட்டுக்கு ஓட்டிப்போனாள். வழுக்காமல் ஏறியது. உச்சியில் நிறுத்தி இறங்கி, தீய்ந்த நாற்றம் வருகிறதா என்று குனிந்து மோந்து பார்த்தாள். வரவில்லை. பிறகு முழுத் தொட்டியோடும் ஒருமுறை ஏற்றிப் பார்க்கக் கீழே இறங்கினாள்.