லூசி வீட்டுப் பூச்சி

கொசு இன்ஸ்பெக்டர் விஜயன் மூன்று வீடு தள்ளி நிற்கிறார். இராஜம்மாவின் சிமெண்டுத் தொட்டியிலோ கொசுப்புழுக்கள் கும்மாளம் போடுகின்றன. ஏற்கெனவே இரண்டு தடவை பிடிபட்டாயிற்று. மூன்றாம் தடவை ஒரே ஒரு புழு அகப்பட்டாலும் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டியதுதான். அவளுக்கோ நிறைமாதம். புருஷன் கன்னையா ரயில் பட்டறைக்கு வேலைக்குப் போயிருக்கிறான். இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வேறு வீட்டை யார் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? பிள்ளையைத் தெருவிலா பெற்றுப் போடுவது?

தண்ணீரைத் திறந்துவிடலாமென்றால் தொட்டியின் அடைப்பு துருப்பிடித்து, அசைய மாட்டேன் என்கிறது. குனிந்து இறைக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினால் எதைக் குடிப்பது?

வயிறு பெரிதாகும் முன் வாரம் தவறாமல் தொட்டியைத் தேய்த்துக் கழுவியவள்தான். பிறகு முடியாமல் போய், கன்னையா இறைத்து வரும் கிணற்றுத் தண்ணீரை நாலு மடிப்பு வேட்டியில் வடிகட்டி நிரப்பினாள். வேட்டியில் தங்கும் வெள்ளைப் பூச்சிகளைச் சீ என்று உதறிவிடுவாள். பக்கத்து வீட்டு லூசி வடிகட்டுவதும் இல்லை, கழுவுவதும் இல்லை. அவள் தொட்டியில் ரவைத் துகள் மாதிரி அந்தப் பூச்சிகள் துள்ளும். ஆனால் ஒரு கொசுப்புழு கிடையாது!

அதெப்படி? இராஜம்மாவுக்கு ஒரே விடைதான் தோன்றியது. "அந்த லூசிதான் நான் அசந்த நேரத்துல புழுவைக் கொண்டாந்து கொட்டுறா!" கிணற்றடியில் கத்தியதோடு விட்டாளா? இன்ஸ்பெக்டரிடமே போய்ச் சொல்லி வைத்தாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

இப்போது மானம் பார்த்தால் வீடு போகும். வேலியோரம் போய் நின்றாள்.

"அக்கா..."

மீன் கழுவிக்கொண்டிருந்த லூசி நிமிரவில்லை. "என்னா, இன்னிக்குப் புழு கொட்ட வரலையேன்னு தேடுறியா?"

"இது மூணாவது தடவை அக்கா. அந்த ஆளு வந்துட்டாரு."

லூசி அவள் வயிற்றைப் பார்த்தாள். வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு எழுந்தாள். தன் தொட்டியில் ஒரு வாளி மொண்டு வந்து இராஜம்மாவின் தொட்டியில் ஊற்றினாள்.

"இந்தப் பூச்சி புழுவைக் கவ்வித் தின்னும். என் கண்ணால பாத்திருக்கேன். கொஞ்சம் பொறு, ஒண்ணு மிஞ்சாது."

இருவரும் தொட்டிக்குள் பார்த்தார்கள். ஒரு பூச்சி போய்ப் புழுவின் மேல் மோதியது. புழு உடம்பை ஒரு வெட்டு வெட்டியதும் பூச்சி அந்தப் பக்கம் தெறித்தது. இன்னொன்று கிட்டே போய்விட்டு ஓடியே போயிற்று.

"மாதாவே, என்னாடி இது!"

"நீ பாத்தது பொரிஞ்ச புதுசா இருக்கும் அக்கா, மயிரிழை மாதிரி. அதைத்தான் இதால புடிக்க முடியும். என் புழு சீரகம் தண்டி வளந்துருச்சே!" சொல்லும்போதே இராஜம்மாவுக்கு உறைத்தது. வேட்டியிலிருந்து அவள் நாள்தோறும் உதறியது புழுவின் எமனையல்லவா!

மறுபக்கத்து வீட்டுக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. லூசி உள்ளே ஓடினாள். தன் கட்டில் கொசுவலையில் ஒரு பக்கத்தைச் சரக்கென்று கிழித்துக்கொண்டு வந்தாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தொட்டியை அலசினார்கள். பூச்சிகள் கண்ணி வழியே நழுவின, புழுக்கள் வலையில் நின்றன. லூசியின் வாளியில் உதறி உதறி மறுபடி அலசினார்கள். கடைசிப் புழு ஒன்று அடியில் போய் ஒளிந்து உயிரை வாங்கியது. அதுவும் வலையில் ஏறியபோது வாசலில் குரல் கேட்டது. லூசி வாளியோடு தன் பக்கம் ஓடினாள்.

விஜயன் அகப்பையால் மொண்டு மொண்டு பார்த்தார். "பூச்சி இருக்கு, கொசுப்புழு இல்ல. பரவாயில்லம்மா."

இராஜம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. விஜயன் லூசி வீட்டுக்குப் போனதும் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்ட அதட்டலில் வந்த மூச்சு நின்றது.

"என்னாது இது, வாளி நெறைய? பக்கத்து வீட்டுல கொட்டுறீங்கன்னு புகார் வந்தப்ப நான் நம்பல! புழு வளத்துக் கொட்டுறவங்களுக்குத் தடவைக் கணக்கெல்லாம் கெடையாது. ரெண்டு நாள்ல வீடு காலியாகணும்."

லூசி வேலிப் பக்கம் திரும்பி இராஜம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாமே, பாவி!

இராஜம்மா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அது என் தொட்டிப் புழு. இப்பதான் வடிச்சோம். அவங்க கொட்டவே இல்ல. நான் வாய்க்கு வந்தபடி பழி போட்டேன்."

"அப்ப இது உங்களுக்கு மூணாவது தடவை. தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரிஞ்சுதான்."

விஜயன் லூசி பெயரை அடித்து, இராஜம்மா பெயரை எழுதிக்கொண்டு, அவள் வயிற்றைப் பார்க்காமல் போய்விட்டார்.

லூசி வாளியை முற்றத்து வெயிலில் கவிழ்த்தாள். "நான்தான் வாயை மூடிட்டு நின்னேன்ல? ஒன்ன யாருடி பேசச் சொன்னா?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள்.

"சட்டி பானையை எடு. கனமா எதையும் தூக்காதே. என் வீட்டுப் பின்கட்டு காலியாத்தான் கெடக்கு."