சேர்க்கையின் கடைசி நாள்

பறைச் சத்தம் தெருமுனையில் திரும்பியதும் பெண்கள் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் ஆண்கள்தான் போனார்கள். சசிரேகா அப்பாவின் பாடையைப் பார்க்காமல் வெயிலைப் பார்த்தாள். உச்சி தாண்டியிருந்தது. தாம்பரத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்க்கைக்கு இன்றுதான் கடைசி. போகாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்பா பலராமன் ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாட்ச்மேன். நைட் ஷிப்டு முடித்து நேராக மகளைக் கல்லூரிக்கு அழைத்துப் போவதாக இருந்தார். விடியற்காலையில் கேட் நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்துவிட்டார்.

அத்தை சுந்தராம்பாள் வாசலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கம்பெனில லைன் வேலைக்குப் பொண்ணுங்கள எடுக்கறாங்களாம். அண்ணன் பேரச் சொன்னா இவளுக்கு உடனே கெடைக்கும். பிசிக்ஸ் படிச்சி இன்னா பண்ணப் போறா?"

அம்மா பாப்பம்மாள் குடத்தைத் தூக்கி வந்தாள். மகள் தலையில் குடத்து நீரை ஊற்றிவிட்டு, காதருகே குனிந்தாள்.

"சர்டிபிகேட்டுப் பை பீரோ மேல கீது. கெளம்பு."

"இன்னிக்காம்மா? ஜனங்க இன்னா சொல்லும்?"

"நான் கேட்டுக்கறேன். நீ போ."

படப்பையில் ஷேர் ஆட்டோ ஆள் சேரும்வரை நகரவில்லை. பிறகு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் இந்நேரம் தன்னைத் தேடுவார்களோ என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

கல்லூரி அலுவலகம் மூடவில்லை. பெஞ்சு நிறையப் பெண்களும் அவர்களுடைய அப்பாக்களும். சசிரேகா ஓரமாக உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தாள். முடி இன்னும் காயவில்லை.

"நீயும் பிசிக்ஸாம்மா?" பக்கத்திலிருந்தவர் கேட்டார். "எம்பொண்ணு அதான் வேணும்னு அடம்புடிக்கிறா. படிச்சா இன்னா வேலைக்குப் போலாம்?"

காலையிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசாதவள், நிறுத்தாமல் சொன்னாள். "பி.எட். முடிச்சா டீச்சராவலாம். எம்.எஸ்சி. படிச்சா வானிலை ஆபீசு, ஆராய்ச்சி. கேன்சர் ஆஸ்பத்திரில கதிர்வீச்சு அளவு கணக்குப் போடறதுக்குக்கூட ஆள் வேணும். கம்ப்யூட்டர் பக்கம் போறதுன்னா எம்.சி.ஏ. எதுவும் உடனே கெடைக்காது, சார். மேல படிக்கணும்."

"ம்... உங்க வூட்ல ஒத்துகினாங்களா?"

"அப்பா கூட வரேன்னாரு."

"அப்ப வந்துடுவாரு." அவர் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

சசிரேகா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.