ராஜாவுக்கு வராத தூக்கம்

ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நகரத் தொடங்கிய பிறகுதான் பாண்டிசெல்வி ஓடிவந்து ஏறினாள். அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்த நஸீபாவும் ஜாஸ்மினும் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். மூவருக்கும் ஒரே ஸ்பின்னிங் மில், ஒரே ஷிப்ட்.

“வரமாட்டேன்னுல்ல நெனச்சோம்” என்றாள் ஜாஸ்மின்.

“மதினி சேத்தூர்ல இருந்து வர நேரமாயிட்டு. அவியள யார்ட்டயாவது விட்டுட்டுத்தான வரணும்.”

அவிய என்றது கணவன் தவசிமுத்துவை. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து சித்திரையில் படுத்தவன். ஆடி வந்துவிட்டது, இன்னும் எழவில்லை. ராத்திரியில் தண்ணீருக்கு, ஒன்றுக்குப் போக, கால் மரத்துப்போனதற்கு, எதுவுமில்லாவிட்டால் பேச்சுத்துணைக்கு என்று அவளை எழுப்பிக்கொண்டே இருப்பான். போன வாரம் ஓடுகிற மிஷினுக்கு முன்னால் நின்றபடியே அவள் கண்ணயர்ந்துவிட்டாள். நஸீபாதான் தோளைப் பிடித்து இழுத்தாள். இவளை எங்கேயாவது கூட்டிப்போய்ச் சிரிக்கவைக்க வேண்டும் என்று அன்றைக்கே அவளுக்குத் தோன்றியது.

நஸீபாவின் தம்பி ரஃபீக் மைக் செட் போடுகிறவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாட்டும் ஆட்டமுமாக ஒரு சிரிப்பு நாடகம். முன்வரிசையில் மூன்று நாற்காலிகளை அவன்தான் பிடித்து வைத்திருந்தான்.

தூக்கம் வராத ஒரு ராஜாவின் கதை அது. அவரைத் தூங்கவைக்க மந்திரி பாடுகிறார், ராணி பாடுகிறாள், சமையல்காரன் கரண்டியைத் தட்டிக்கொண்டு பாடுகிறான். ராஜா கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். ஜாஸ்மின் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். பாண்டிசெல்வியும் சிரித்தாள். தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது, ஹார்மோனியம் இழுத்தது. மந்திரியின் இரண்டாவது பாட்டு எப்போது முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது.

பெரிய சிரிப்புச் சத்தம் அவளை எழுப்பியது. கண்ணைத் திறக்கப் போனவள், பக்கத்திலேயே சலங்கைச் சத்தத்தோடு ஒரு குரலைக் கேட்டு அப்படியே இருந்துவிட்டாள்.

“மந்திரியாரே! நான் தூங்காம சாகுறேன், என் குடிமக்கள்ல ஒருத்தி வாயத் தொறந்துட்டுத் தூங்குறா! இவளைப் பிடிச்சுச் சிறையில போடுங்க!”

மண்டபம் அதிர்ந்தது. ராஜா மேடையை விட்டு இறங்கி அவள் எதிரில் நிற்கிறார். பாண்டிசெல்விக்கு முகம் தீயாய்ச் சுட்டது. இப்போது கண்ணைத் திறந்தால் இத்தனை பேரையும் பார்த்துச் சிரித்து வைக்க வேண்டும். அதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை. வாயை மட்டும் மெல்ல மூடிக்கொண்டாள்.

“எழுப்பாதிய!” நஸீபாவின் குரல். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “அவ வீட்டுக்காரரு இடுப்பொடிஞ்சு கெடக்காரு. ராத்திரி பூரா அவரப் பாக்கா, பகல்ல மில்லுல மிஷினப் பாக்கா. செத்த நேரம் தூங்கட்டும், விடுங்க.”

சிரிப்பு அங்கங்கே நின்றது. ராஜா தாழ்ந்த குரலில் ஹார்மோனியக்காரரிடம், “அண்ணே, அடுத்த பாட்ட மெதுவா வாசிங்க” என்றார். சலங்கை பூனை நடை நடந்து மேடையேறியது. துள்ளலாகப் பாட வேண்டிய பாட்டை எல்லோரும் கிசுகிசுவென்று பாடினார்கள். கூட்டம் வாய்க்குள் சிரித்தது. பாண்டிசெல்விக்கு அழுகை வரும்போலிருந்தது. வருவதற்குள் நிஜமாகவே தூங்கிப்போனாள்.

நாடகம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் அவளை எழுப்பினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜாஸ்மின் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். “அவ குடும்பக் கதைய அம்புட்டுப் பேர் முன்னாடி போட்டு ஒடைக்கணுமா? பின்னால ரெண்டு பயலுவ வீடியோ எடுத்தானுவ.”

“பொறவு என்ன செய்யச் சொல்லுத? அவளப் பாத்துச் சிரிக்கட்டும்னு விடவா?”

“நான் முழிச்சுத்தான் இருந்தேன்” என்றாள் பாண்டிசெல்வி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். நஸீபா அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ராஜபாளையம் வரும்வரை அதை விடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது தவசிமுத்துவின் கையில் செல் இருந்தது. நஸீபாவின் குரல் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. வீடியோ அதற்குள் பரவி, மில்லில் யாரோ அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கத்தப்போகிறான் என்று நினைத்துச் சுவரோரம் நின்றாள். கத்தினால் கத்தட்டும் என்றும் இருந்தது.

அவன் செல்லைக் கவிழ்த்து வைத்தான்.

“அம்புட்டுக்கா எழுப்புதேன்?”

அவள் பையை ஆணியில் மாட்டினாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

“எழுப்பத்தான் செய்யுத” என்றாள் அழகுத்தாய், அடுப்படியிலிருந்து. சேத்தூரிலிருந்து வந்திருந்த மதினி, தவசிமுத்துவின் அக்கா. “நான் வந்த இந்தச் செத்த நேரத்துல எத்தன தடவ கூப்பிட்ட! தண்ணிச் செம்பக் கைக்கு எட்டுற மாதிரி வச்சுக்கிட்டா என்ன?”

அவன் கூரை மோட்டைப் பார்த்துப் படுத்திருந்தான். “இருட்டுல தனியா முழிச்சுக் கெடக்கப் பயமா இருக்குக்கா. இனி எந்திரிக்கவே மாட்டமோன்னு வருது.”

இத்தனை மாதத்தில் அவன் அதைச் சொன்னதில்லை. பாண்டிசெல்வி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். விலகிக் கிடந்த போர்வையை அவன் கால்மேல் இழுத்துவிட்டாள்.

“நான் வெள்ளிக்கிழம வரைக்கும் இருக்கேன்” என்றாள் அழகுத்தாய். “ராத்திரி எங்கிட்டப் பேசுலே. அவ அந்த ரூம்ல கதவச் சாத்திப் படுக்கட்டும். ஏட்டி, நீ வந்து சாப்பிடு.”

தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. பாண்டிசெல்வி தரையில் உட்கார்ந்து பிசைந்தாள். அழகுத்தாய் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். போதும் என்று சொல்லாமல் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.