காலை அறை மாத்திரைகள்

டாக்டர் எஸ்கலாந்தே திரையைத் திருப்பிக் காட்டினார். ரெய்னோவின் இதயம் கறுப்பு வெள்ளையில், தண்ணீர் பாதி நிரம்பிய பை போலச் சோம்பலாக அசைந்தது.

"ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ள இருக்கற ரத்தத்துல பாதிக்கு மேல வெளிய தள்ளணும். டிசம்பர்ல உங்களுக்கு நூத்துக்கு இருபத்தேழு. இப்ப இருபத்தெட்டு. மூணு மாசம் மருந்து கொடுத்தும் தசை தேறலை."

ரெய்னோ தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். வயது ஐம்பத்தேழு. அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் துலூத் துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் முப்பத்து மூன்று வருடமாக வெல்டர். பக்கத்தில் அக்கா வெர்னா, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. ஞாயிறுதோறும் அவனுடைய மாத்திரைப் பெட்டியில், காலை அறை, இரவு அறை என்று பிரித்து நிரப்பித் தருபவள் அவள்தான்.

"திடீர்னு நின்னு போகுமா?" என்று வெர்னா கேட்டாள். அப்பா ஐம்பத்து நாலு வயதில் வாசலில் பனி அள்ளும்போதே விழுந்து செத்தவர். அவளுக்கு வேறு கேள்வி கிடையாது.

"அந்த ஆபத்து இருக்கு. அதனால அடுத்த வாரம் தோலுக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி வைக்கலாம். துடிப்பு தாறுமாறா ஓடினா அதிர்ச்சி கொடுத்து நேராக்கும். பம்ப், மாத்து இதயம்லாம் இருக்கு, ஆனா நீங்க அவ்வளவு தூரம் போகலை."

"பெட்டியோட வெல்டிங் பண்ணலாமா?" ரெய்னோ அன்று கேட்ட முதல் கேள்வி.

"நீங்க வைக்கற கரண்டுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன். பெட்டி குழம்பிடும்."

அவன் தலையாட்டினான்.

"மாத்திரையெல்லாம் தவறாம போடறீங்களா?"

"மோசமில்லை."

டாக்டர் அரிசோனாக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதை 'ஆமாம்' என்று எழுதிக்கொண்டார். இந்த ஊரில் விரலை ரம்பத்தில் அறுத்துக்கொண்டவனும் 'மோசமில்லை' என்றுதான் சொல்வான். இங்கேயே பிறந்த வெர்னாவாவது சுதாரித்திருக்கலாம். அவள் 'பெட்டி, அடுத்த வாரம்' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

அவனுடைய டிரக்கை அவள்தான் ஓட்டினாள். கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைக்கத் துணி தேடி முன்பெட்டியைத் திறந்தபோது, புகையிலை டப்பா ஒன்று கையில் தட்டுப்பட்டது. புகையிலையை அவன் விட்டு நாலு வருடம். டப்பா கிலுகிலுத்தது. பின்னால் இன்னும் மூன்று இருந்தன.

சிக்னலில் மூடியைத் திறந்தாள். அவள் கையால் பிரித்துப் போட்ட மாத்திரைகள். வெள்ளை, மஞ்சள், ஊதா.

"டேய், என்னடா இது?"

"வேலை நாள்ல போடறதில்லை."

"ஏன்?"

"ஒண்ணுக்கு வருதுக்கா." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "கப்பலோட அடித்தொட்டிக்குள்ள இருப்பேன். ரெண்டு ஓட்டை வழியா ஊர்ந்து, ஏணி ஏறி, தோல் சட்டையெல்லாம் கழட்டிட்டுப் போகணும்னா அரை மணி. காலைல நாலு தடவை போனா ஃபோர்மன் என்ன சொல்வான்?"

"ஒண்ணுக்குப் போற மாத்திரை ஒண்ணுதானேடா. மத்தது?"

"எது எதுன்னு யாருக்குத் தெரியும்? காலை அறையில எல்லாம் ஒண்ணாக் கிடக்கு. மொத்தமா எடுத்து வெச்சுட்டேன். சனி ஞாயிறு போடறேன்ல."

"தூக்கியாவது எறிஞ்சிருக்கலாமே, எனக்குத் தெரியாமப் போயிருக்கும்."

"நல்ல மருந்தை எறிவாங்களா?"

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். வெர்னா அடுத்த திருப்பத்தில் வண்டியை வளைத்தாள்.

"எங்க போறே?"

"திரும்ப ஆஸ்பத்திரிக்கு. நீதான் சொல்லணும். நான் வாயே திறக்க மாட்டேன், கழுதை."

டாக்டர் நாலு டப்பாக்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. அது ரெய்னோவுக்குக் கூடுதல் கஷ்டமாக இருந்தது.

"அப்ப மருந்து தோத்துப் போகலை. மருந்தே உள்ள போகலை. இன்னைக்கு இதைச் சொல்லலைன்னா அடுத்த வாரம் கத்தி வெச்சிருப்போம்." பேனாவைத் திறந்தார். "குறைஞ்ச அளவுல இருந்து மறுபடி ஆரம்பிப்போம். மூணு மாசம், ஒரு நாள் விடாம. அதுவரைக்கும் சட்டைக்குள்ள ஒரு உடுப்பு போட்டுக்கணும். பெட்டி செய்யற வேலையை அது வெளியிலிருந்து செய்யும். வெல்டிங் கிடையாது. அப்புறம் படம் எடுப்போம். முப்பத்தஞ்சைத் தாண்டினா பெட்டி வேண்டாம்."

"தாண்டலைன்னா?"

"பெட்டி. பட்டறையில வேற வேலை கேளுங்க."

மார்ச் கடைசி. ஏரி உறைந்ததால் குளிர்காலம் முழுக்கப் பட்டறையில் நின்ற கப்பல்கள் கிளம்பும் வாரம். இனி ஜனவரியில்தான் தொட்டிக்குள் இறங்கும் வேலை. மூன்று மாதத்தை அவனால் கொடுக்க முடியும், அதற்கு மேல் அவன் கணக்குப் போடவில்லை.

திங்கட்கிழமை காலை வெர்னா தன் சமையலறையில் ஒவ்வொரு மாத்திரையாக, அதன் பெயரைச் சொல்லிக் கொடுத்தாள். அவன் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினான். துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அதன் அடித்தட்டில் அவன் போட்ட ஒட்டு இருக்கிறது. சட்டைக்குள் புது உடுப்பு புடைத்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கே?"

"மோ..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "கால் வீங்கியிருக்கு. பூட்ஸ் கயிறைக் கட்ட முடியலை. மாடி ஏறினா பாதியில நிக்கறேன். படுக்க ரெண்டு தலையணை வேணும். டிசம்பர்ல இருந்தே."

அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, வழி விடு," என்று அவன் எழுந்து கழிப்பறைப் பக்கம் போனான்.