செவ்வாய்க்கிழமைப் பெட்டி

மீன் கெடுவது வெயிலால் அல்ல. கிழமை மாறிவிட்டது என்று அதற்குத் தெரிந்துவிடுவதால்தான். இதைக் கண்டுகொண்ட வெள்ளைக்காரன் ரயில் கம்பெனி, மீன் பெட்டிகளுக்கு இரட்டைச் சுவர் வைத்து, நடுவே மரத்தூள் அடைத்து, ஐஸும் போட்டு, உள்ளே ஓர் ஆளையும் உட்கார்த்தி வைத்தது. ஏற்றின கிழமையைக் கால் மணிக்கொரு தரம் மீனுக்குச் சொல்வது அவர் வேலை.

மிக்கேல்பிச்சைக்கு அதில் பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒரு நெத்திலிகூட அவர் கையில் கெட்டதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை மண்டபம் ஸ்டேஷனில் வஞ்சிரம் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் பட்டணத்தில் மகள் அமலோற்பவத்துக்குக் கல்யாணம். மறுநாள் சாம்பல் புதன். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் தாலி ஏறாது. மாப்பிள்ளை லூர்துவோ வியாழக்கிழமை ரங்கூனுக்குக் கப்பல் ஏறுகிறவன். திரும்ப மூன்று வருஷம் ஆகும்.

வழியில் எஞ்சின் படுத்துக்கொண்டது. "இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, ராசாக்களா" என்று மிக்கேல்பிச்சை சொல்லிக்கொண்டே இருந்தார். தொண்டை கட்டியும் விடவில்லை மனுஷன். வண்டி பட்டணம் சேர்ந்தபோது புதன்கிழமை மத்தியானம்.

பிளாட்பாரத்தில் காத்திருந்த கல்யாணக் கூட்டத்தில் எல்லார் நெற்றியிலும் சாம்பல். அமலோற்பவம் கல்யாணச் சேலையோடு அழுது முகம் வீங்கி நின்றாள்.

"நீங்க வந்தாத்தான் தாலின்னு அடம்புடிச்சேன்பா. எல்லாம் போச்சு."

மிக்கேல்பிச்சை தலையை மட்டும் வெளியே நீட்டினார். "என்ன போச்சு? உள்ள இன்னும் செவ்வாய்க்கிழமைதானே. சாமியாரையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு ஏறு. நேத்துங்கிற பேச்சை மட்டும் உள்ள யாரும் எடுக்காதீங்க."

பெட்டிக்குள் காலை வைத்ததும் சாமியாரின் நெற்றிச் சாம்பல் காணாமல் போயிற்று. கூடைகளுக்கு நடுவே நாலு பேருக்குத்தான் இடம். லூர்து குளிரில் நடுங்கிக்கொண்டே தாலி கட்டினான். அதைப் பார்த்த மிக்கேல்பிச்சை விம்மி விம்மி அழுதார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கிழமை சொல்ல மறந்தார். ஓரத்துக் கூடையில் ஒரு மீனின் கண் மங்கத் தொடங்கியது. சாமியாரின் நெற்றியில் லேசாகச் சாம்பல் தெரிந்தது.

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, ராசாக்களா" என்றாள் அமலோற்பவம், அச்சு அசல் அப்பாவைப் போலவே. மீனின் கண் பளிச்சென்று தெளிந்தது. நெற்றியும் சுத்தமாயிற்று.

கல்யாண நோட்டில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். மிக்கேல்பிச்சை ஒருவர். இன்னொருவர் ஏற இடமில்லை. சாமியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேல்கூடையிலிருந்த பெரிய வஞ்சிரத்திடம் பேனாவை நீட்டினார். அது நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, யாரும் கேட்காமலே கீழே கிழமையையும் எழுதியது: செவ்வாய்.