ஆடாத நீர்மட்டம்

1974 ஆகஸ்ட். மூன்று நாளாக விடாத மழை. மாட்டுப்பட்டிக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கத்தரீனாளைக் கொழுந்து லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். முப்பது வயது, கொழுந்து பறிப்பவள். இரண்டு வாரமாகத் தலைவலி. பொழுது சாய்ந்தால் காய்ச்சல். மழைக்காலத்து ஜுரம் என்று தொழிலாளர் லயத்தில் கஷாயம் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அன்று காலை அவள் தன் புருஷன் மிக்கேலையே பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவன் லாரிக்கு ஓடினான்.

டாக்டர் மருதாத்தாள் சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கத்தரீனாளின் தலையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். கழுத்து மடங்கவில்லை, பலகையாக விறைத்திருந்தது. கண்ணுக்குள் வெளிச்சம் காட்டி நரம்பு முனை வீங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். வீங்கியிருந்தால் முதுகில் ஊசி குத்துவது ஆபத்து.

"முதுகுல இருந்து தண்ணி எடுத்துப் பாக்கோணுமுங்க."

மிக்கேலுக்கு முகம் வெளிறியது. "முதுகுல ஊசி போட்டா கை கால் வெளங்காமப் போயிரும்ங்காவளே டாக்டரம்மா?"

"போகாதுங்க. தண்டுவடம் முடியற எடத்துக்குக் கீழதான் குத்துவேன். மூளையில என்ன நடக்குதுன்னு அந்தத் தண்ணிதான் சொல்லும்."

கத்தரீனாளை இடப்பக்கமாகச் சாய்த்து, முழங்காலை வயிற்றோடு மடக்கினார்கள். மிக்கேல் அவளைப் பிடித்துக்கொண்டான். ஊசி உள்ளே போனதும், மில்லிமீட்டர் கோடு போட்ட கண்ணாடிக் குழாயை டாக்டர் அதில் நிமிர்த்திப் பொருத்தினார். தெளிந்த நீர் குழாயில் ஏறி ஓரிடத்தில் நின்றது.

"தொண்ணூறு," என்றார் நர்ஸ் இருதயம்மாள். அந்த ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்தவர். "அழுத்தம் சரியாத்தான் இருக்கு. எழுதிரட்டுமா?"

மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டான். டாக்டர் மட்டும் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எழுதாதீங்க சிஸ்டர். இது ஆடவே இல்லீங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் தண்ணி கொஞ்சம் ஏறி எறங்கோணும். வயித்தை மெதுவா அழுத்துங்க பாக்கலாம்."

நர்ஸ் அழுத்தினார். நீர்மட்டம் அசையவில்லை.

"ஊசி முனை எங்கயோ சவ்வுல ஒட்டியிருக்குதுங்க," என்று சொல்லி, டாக்டர் ஊசியை அரைச் சுற்றுத் திருப்பினார்.

நீர் குபுகுபுவென்று ஏறியது. நூற்றைம்பது, இருநூறு, முந்நூறு. முந்நூற்று நாற்பதில் போய் நின்றது.

"மாதாவே!" என்றார் இருதயம்மாள். இருநூறைத் தாண்டினாலே ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்டுப் பதறிய மிக்கேல் மனைவியின் கால்களை இன்னும் இறுக்கினான்.

"இதையும் எழுதாதீங்க. ஏனுங்க மிக்கேல், பிடியைத் தளர்த்துங்க. வயிறு நசுங்கினாலும் தண்ணி ஏறும். காலைக் கொஞ்சம் நீட்டி உடுங்க. அவங்க மூச்சு விடட்டும்."

மிக்கேல் கையைத் தளர்த்தினான். கத்தரீனாள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். நீர் மெல்ல இறங்கி, இருநூற்று எண்பதில் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கியது. இன்னும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்:

"இப்ப எழுதுங்க. எரநூத்தி எம்பது. இதுதான் நெசம்."

அழுத்தம் சட்டென்று குறைந்தால் ஆபத்து என்பதால், சொட்டுச் சொட்டாகக் கொஞ்சமே எடுத்தார். மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நீரை அனுப்பிப் பரிசோதிக்க வழியில்லை. மூளை உறையில் காசநோய் என்று தீர்மானித்து, அன்று மத்தியானமே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் காலை, எடுத்து வைத்திருந்த நீருக்குள் சிலந்திவலை போல மெல்லிய படலம் ஒன்று தொங்கியது. அந்த நோயின் அடையாளம் அதுதான். இருதயம்மாள் சோதனைக்குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தொண்ணூறுன்னதும் எனக்கு உசுரு வந்துச்சு டாக்டர். எழுதியிருந்தா இவளுக்கு ஒண்ணுமில்லன்னுல்லா நெனச்சிருப்போம்? ஒங்களுக்குச் சந்தோசப்படத் தோணலியா?"

"தோணுச்சுங்க சிஸ்டர். அதனாலதான் இன்னும் பத்து மூச்சு பாத்தேன்."

தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான அந்த டாக்டர் வந்தால், அன்றுமுதல் இருதயம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கத் தொடங்கினார்.

பத்தாம் நாள் கத்தரீனாள் கண்ணைத் திறந்து மிக்கேலிடம், "பிள்ளைக சாப்பிட்டுச்சுகளா?" என்று கேட்டாள். அவன் வெளியே போய் மழையில் நின்று அழுதான். மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்தபோது நூற்றைம்பதுதான் இருந்தது.

ஒன்றரை வருடம் மருந்து சாப்பிட்டாள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் காது சற்று மந்தமாகிவிட்டது. கங்காணி இரண்டு தரம் கத்தினால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் எழுபத்தாறு மார்ச்சில் தலையில் கூடையை மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறியவர்களில், எல்லோருக்கும் முன்னால் போனவள் அவள்தான்.